இடப்பக்க டேங்க்

"ரெண்டு டேங்கையும் முழுசா ரொப்புங்க, கிளிஃப்," என்றாள் ஜோடி.

இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில் இருக்கும் அந்தக் கார்ப் பட்டறையில் அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முதலாளி கிளிஃப் ராக் சொல்லிவைத்த ஒரே சட்டத்துக்கு நேர் எதிரான பேச்சு அது. இடப்பக்க டேங்கில் கால்பங்குக்கு மேல் பெட்ரோல் கேட்கவே கூடாது.

கிளிஃப் ஸ்பேனரைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்து வைத்த ஸ்பேனர்.

"எதுக்குக் கண்ணு? டீ ஆறுது பாரு."

"ரொப்பினா வண்டி ஒரு பக்கம் சாயும்னீங்க. வலப்பக்கம் எப்பவும் ரொம்பித்தானே இருக்கு. அப்ப மட்டும் சாயாதா?"

"யுனிவர்சிட்டில கேள்வி கேக்க மட்டுந்தான் கத்துக் குடுத்தாங்களா?"

அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் ஜோடி. அந்தப் பட்டத்தை அவர் மூன்று மாதமாகக் கிண்டல்தான் செய்துவந்தார். நேற்று திடீரென்று அதற்கு மரியாதை வந்தது. எரிபொருள் வரைபடத்தை நீட்டி, 'வடிவமைத்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். வரைந்தது அவர். முப்பது வருடமாக உதிரிப் பாகங்களைச் சேர்த்துக் கிட் கார் கட்டுகிறவருக்கு இன்னொருத்தி பெயர் எதற்கு?

அதனால்தான் இன்று மதியம் அவர் சாப்பாடு வாங்கப் போன நேரத்தில், வலப்பக்க டேங்கிலிருந்து எஞ்சினை ஓடவிட்டு, இடப்பக்க டேங்குக்குள் ஒரு மரக்குச்சியை விட்டுப் பார்த்தாள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி விட்டாள். ஈரம் மூன்று விரல் ஏறியிருந்தது.

ஓடுகிற வண்டியில் பெட்ரோல் கூடுமா?

இந்த வண்டியில் கூடும். இது இன்ஜெக்‌ஷன் எஞ்சின். பம்ப் தேவைக்கு மேல் தள்ளும், மிச்சம் டேங்குக்கே திரும்பும். எந்த டேங்கிலிருந்து எடுப்பது என்று மாற்ற கிளிஃப் வால்வு வைத்திருந்தார். திரும்புகிற குழாயை மட்டும் இடப்பக்கத்தோடு நிரந்தரமாகப் பூட்டிவிட்டார்.

குச்சியை அவர் முன்னால் போட்டாள். அவர் அதைத் தொடவில்லை.

"அதான் கால்பங்கு போதும்னு சொன்னேன்ல."

"அப்ப, தெரியும்."

"பாடியக் கழட்டாம அந்தக் குழாய மாத்த முடியாது. இந்த வண்டிய ஆர்டர் குடுத்துட்டு நெவில் நாலு வருஷமாக் காத்திருக்கான். பத்து வண்டி இப்படித்தான் குடுத்திருக்கேன், ஒண்ணும் ஆகல."

"அதெல்லாம் கார்புரேட்டர் வண்டி. அதுல எதுவும் திரும்பி வராது. நெவில்கிட்ட சொன்னீங்களா?"

கிளிஃப் மறுபடி ஸ்பேனரைத் துடைத்தார்.

"டூர் போறதுக்குத்தானே அவரு ரெண்டு டேங்க் கேட்டாரு? பங்க்ல ரெண்டையும் ரொப்பத்தான் செய்வாரு. வலப்பக்கத்துல ஓட்டுவாரு. இடப்பக்கம் காத்துக் குழாய் வழியா வழியும். கீழ சூடான சைலன்சர். பத்திக்கிட்டா மாட்டுறது யாரு? வடிவமைச்சவதானே?"

வாசலில் நெவிலின் குரல் கேட்டது. முதல் சவாரிக்கு மனைவியையும் அழைத்து வந்திருந்தார்.

கிளிஃப் குரலைத் தாழ்த்தினார். "அவன்கிட்ட வாயத் திறந்தா நாளைக்கு இங்க கால வெக்காத."

அவர் பார்வை சுவரோரம் போய் நின்றதை ஜோடி கவனித்தாள். அவளுடைய கருவிப்பெட்டி இருக்கும் இடம் காலியாக இருந்தது. மதியமே அதைத் தன் வேனில் ஏற்றிவிட்டிருந்தாள். கையெழுத்து இல்லாத வரைபடம் மேசையிலேயே கிடந்தது.

குச்சியையும் வண்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு நெவிலை நோக்கி வெளியே நடந்தாள்.