எங்கள் வீட்டில் தங்கிய குறிப்பு

தொலைக்காட்சி வினாடி வினாவுக்குத் தேர்வானவர்களின் வீட்டுக்கு, படப்பிடிப்புக்குப் பதினைந்து நாள் முன்பாகவே விடைக்கான குறிப்பு ஒன்று வந்து தங்கிவிடும். என் மனைவி அமுதவல்லிக்கு உரிய குறிப்பு ஒரு வியாழக்கிழமை காலை ஆட்டோவில் வந்து இறங்கியது. நாற்பத்தைந்து வயதிருக்கும். வெளிர்நீலச் சட்டை, ஒரு சூட்கேஸ், கழுத்தில் ஈரத்துண்டு. ஒப்புகைச் சீட்டில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். "பொருள்: குறிப்பு. எண்ணிக்கை: ஒன்று. நிலை: நன்று" என்று அதில் அச்சடித்திருந்தது.

அமுதா ஆறு வருடமாக விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருந்தாள். அவள் எட்டாம் வகுப்புக்குப் பூகோளம் எடுப்பவள். முதல் பரிசு, கடல் தெரியும் ஜன்னல். ஜெயிப்பவரின் வீடு எந்த ஊரில் இருந்தாலும், காட்டுகிற சுவரில் வந்து பொருத்திவிட்டுப் போவார்கள். நாமக்கல்லில் எங்கள் சமையலறைக் கிழக்குச் சுவரில் அமுதா ஏற்கெனவே சாக்பீஸால் ஒரு சதுரம் போட்டு வைத்திருந்தாள். கடலைப் பற்றிப் பதினோரு வருடமாகப் பாடம் நடத்துகிறாள். இரண்டு முறைதான் பார்த்திருக்கிறாள்.

குறிப்போடு ஒரு சின்னக் கையேடும் வந்தது. குறிப்புக்கு விடை தெரியாது. அவரிடம் விடையைக் கேட்கக் கூடாது. மூன்று வேளையும் சாப்பாடு போட வேண்டும். அவர் எதைச் செய்கிறார், எப்படிச் செய்கிறார் என்று போட்டியாளர் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி தனியாக இருந்தது: குறிப்புகள் ஒன்றோடொன்று முரண்பட்டால் பிந்தியதே செல்லும்.

"ஏனுங்க, உங்க தலகாணிய அவருக்குக் குடுத்துருங்க" என்றாள் அமுதா.

"பீரோ மேல இன்னொண்ணு இருக்குதே."

"அது கட்டியா இருக்குதுங்க. அவரு ராத்திரி பூராப் புரண்டாருன்னா, அது குறிப்பா, தலகாணியான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கொடுத்துவிட்டேன்.

அவர் தொந்தரவில்லாத மனிதர். தோசையை முக்கோணமாக மடித்து, ஒரு முனையிலிருந்து சாப்பிட ஆரம்பிப்பார். செருப்புப் போடுமுன் அதைத் தரையில் மூன்று தட்டு தட்டுவார். கழுத்துத் துண்டு காய்ந்துவிட்டால் எழுந்து போய் நனைத்துக்கொண்டு வருவார். சாப்பிட உட்காரும்போது நெஞ்சில் இடப்பக்கம், வலப்பக்கம், நடுவில் என்று மூன்று இடத்தில் விரல் வைத்துப் பார்த்துக்கொள்வார். எல்லாம் சரியாக இருக்கிறது என்பதுபோல் தலையாட்டிவிட்டுச் சோற்றில் கை வைப்பார்.

அமுதா எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இருநூறு பக்க நோட்டில் எழுதுவாள். பள்ளிக்கூடம் கோடை விடுமுறையில் இருந்தது. அவர் உப்புமாவில் இருந்த பச்சை மிளகாயை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தால், எத்தனை, எந்தப் பக்கம் என்று எழுதுவாள். அவர் தும்மினால் மணி பார்ப்பாள். அவர் காபி டம்ளரை எடுக்கும்போது அவள் உதடு லேசாகத் திறந்துகொள்ளும்.

நான் முட்டைக் கிடங்கில் தரம் பிரிப்பவன். இருட்டு அறையில் ஒவ்வொரு முட்டையையும் விளக்குக்கு முன்னால் பிடித்து, உள்ளே மஞ்சள் அசைவதைப் பார்த்து, இந்தத் தட்டு, அந்தத் தட்டு என்று வைக்க வேண்டும். பத்தொன்பது வருடமாகச் செய்கிறேன். ஆகவே, பார்ப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அமுதா அந்த மனிதரை விளக்கில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். நான் கறிவேப்பிலையை ஒதுக்குவேனா, மென்றுவிடுவேனா என்று கேட்டால், அவள் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆறாம் நாள் அவள் கடைக்குப் போயிருந்தபோது நோட்டை எடுத்துப் புரட்டினேன். அறுபத்து மூன்று பக்கம் எழுதியிருந்தாள். என்னைப் பற்றி ஒரு வரி இருந்தது. "இவர் குறுக்கே நின்றதால் சரியாகத் தெரியவில்லை."

நோட்டை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

அன்று சாயங்காலம் அமுதா உற்சாகமாக இருந்தாள். "மூணுங்க. எதுவோ ஒண்ணு மூணு. ஈரத்துல இருக்கிற எதுவோ. நெஞ்சு சம்பந்தப்பட்டது. கேள்வி எப்படி வந்தாலும் மூணுன்னு சொல்லிப்போட்டாப் போதும்" என்றாள். அவர் கூடத்தில் உட்கார்ந்து துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"அப்பறம் எதுக்கு இன்னும் பாத்துட்டே இருக்கற?" என்று கேட்டேன்.

"இன்னும் ஒம்பது நாள் இருக்குதில்லைங்க" என்றாள், அவர் பக்கமிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள் காலை நான் வகிட்டை மாற்றி வலப்பக்கம் எடுத்தேன். அமுதா எனக்கு இட்லி வைத்தாள், அவரைப் பார்த்தாள். அதற்கடுத்த நாள் சட்டையை உள்புறம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். கிடங்கில்கூட யாரும் கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் கிடங்கிலிருந்து இரண்டு முட்டை கொண்டுவந்து கூடத்து ஜன்னல் விளிம்பில் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தேன். பிறகு இரண்டு டம்ளரில் காபி ஊற்றி, இதில் ஒரு வாய், அதில் ஒரு வாய் என்று குடித்தேன்.

பேனா நகரும் சத்தம் கேட்டது. திரும்பினால், அமுதா ஸ்டூலை என் பக்கம் திருப்பிப் போட்டிருந்தாள்.

"அசையாதீங்க. அப்படியே இருங்க" என்றாள்.

அசையாமல் இருந்தேன். அவள் என்னைக் காலிலிருந்து தலைவரை பார்த்தாள். கழுத்தில் எனக்கு ஒரு மரு இருக்கிறது, அதையும் பார்த்தாள். அரைப் பக்கம் எழுதினாள்.

"குறிப்பு உங்க மேலயும் இறங்கியிருக்குது" என்றாள். "சில வீட்ல அப்படி ஆகுமாம்."

அதிலிருந்து நான் நிறுத்தவில்லை. இரண்டு கையிலும் கடிகாரம் கட்டினேன். குளியலறைக் கதவை இரண்டு முறை திறந்து மூடிவிட்டு உள்ளே போனேன். அமுதாவிடம் ஒவ்வொரு வார்த்தையையும் இரண்டு முறை சொன்னேன். ஏன் இரண்டு என்று நான் யோசிக்கவில்லை. வீட்டில் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேனோ, அதுதான் கையிலும் வந்திருக்கும். அமுதா நோட்டோடு என் பின்னாலேயே வந்தாள். ஒருநாள் கிடங்குவரை வந்து, நான் முட்டையை விளக்கில் பிடிப்பதை வாசலில் நின்று அரை மணி நேரம் பார்த்தாள்.

அந்த மனிதர் மெலிய ஆரம்பித்தார். யாரும் கவனிக்காத குறிப்பு அப்படித்தான் ஆகும் என்று கையேட்டில் இருந்தது. பன்னிரண்டாம் நாள் மதியம் அவருடைய முழங்கை வழியாகப் பின்னாலிருந்த காலண்டரின் தேதி தெரிந்தது. சாப்பாட்டு நேரத்தில் அவர் நெஞ்சைத் தொட்டுப் பார்ப்பதை மெதுவாக, நன்றாகத் தெரிகிற மாதிரி செய்தார். தோசையை மடித்து, மடித்ததைத் தூக்கிக் காட்டிவிட்டு வைத்தார். நான் உடனே என் தோசையை இரண்டாகக் கிழித்து, ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டேன். அமுதா என் பக்கம் திரும்பிவிட்டாள்.

அவள் கை கழுவப் போனபோது அவர் சொன்னார்: "எனக்கு இதெல்லாம் தானா வருதுங்க. கொட்டாவி மாதிரி. நீங்க யோசிச்சு யோசிச்சுச் செய்யறீங்க."

"ஆமா" என்றேன்.

"அவங்க ஜெயிக்கணும்னு உங்களுக்கு இல்லையா?"

"இருக்குது."

"அப்பறம்?"

"அதுக்கு முன்னாடி இது இருக்குது" என்றேன்.

அவர் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். கோபப்பட்ட மாதிரி தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து செருப்பைக் கொஞ்சம் ஓங்கித் தட்டினார். யோசித்துச் செய்வது அவருக்கும் வந்துவிட்டிருந்தது.

பதினைந்தாம் நாள் அமுதா நோட்டை மூடி வைத்தாள். "மொதல்ல மூணு. பின்னாடி ரெண்டு. பிந்தினதுதான் செல்லும்" என்றாள். நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் அப்போது என் வகிட்டைப் பார்த்து, "இது எப்பத்துல இருந்துங்க?" என்று கேட்டாள். எட்டு நாளாக என்றேன். அதையும் குறித்துக்கொண்டாள்.

படப்பிடிப்பு சென்னையில், காலை பதினோரு மணிக்கு. இறுதிச் சுற்றில் இரண்டே பேர், அமுதாவும் தர்மபுரி மாதையன் என்பவரும். மாதையனுக்கு வந்த குறிப்பு ஒரு வாசனை. அதை அவர் மூடி போட்ட தூக்குச் சட்டியில் கொண்டுவந்திருந்தார். அமுதாவின் குறிப்பைக் கண்ணாடிப் பெட்டிக்குள் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். வெளிச்சம் அவரைத் தாண்டிப் பின்சுவரில் விழுந்தது. குடும்பத்தாருக்கு முதல் வரிசை. எனக்கு நடு இருக்கை கிடைத்தது.

கேள்வி கேட்பவர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். "ஆக்டோபஸுக்கு எத்தனை இதயங்கள்?"

கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த மனிதர் எழுந்து நின்றார். நெஞ்சில் இடப்பக்கம் தொட்டார். வலப்பக்கம் தொட்டார். நடுவில் விரலை வைத்து, எடுக்காமலே நின்றார்.

எனக்கு விடை தெரிந்துவிட்டது. அமுதாவுக்கும் பாதி தெரிந்திருக்க வேண்டும். அவள் அவரைப் பார்த்தாள். அவரால் அவ்வளவு நேரம் நிற்க முடியவில்லை, நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பி என்னைத் தேடினாள், கண்டுபிடித்தாள். நான் இரண்டு கையையும் இரண்டு முழங்கால் மேல் வைத்து உட்கார்ந்திருந்தேன். இரண்டு கையிலும் கடிகாரம் இருந்தது.

மூன்று விரலைத் தூக்கியிருக்கலாம். அங்கே அதற்குத் தடை ஒன்றும் இல்லை. அவளும் கவனித்திருப்பாள். அப்படி ஒரு பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் அசைகிறதா என்று தேடுகிற பார்வை. நான் அசைந்தால் அது முடிந்துவிடும் என்று தோன்றியது. அசையாமல் இருந்தேன்.

"இரண்டு" என்றாள் அமுதா.

"உறுதியாகத்தான் சொல்கிறீர்களா?"

"உறுதிங்க. ரெண்டேதான்."

மாதையன் தூக்குச் சட்டியின் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, மூன்று என்றார். கடல் தெரியும் ஜன்னல் தர்மபுரிக்குப் போனது.

எங்கள் குறிப்பை அழைத்துப் போக ஆள் வந்தது. அடுத்து அவருக்குத் தூத்துக்குடியில் வேலை இருந்தது. அமுதா தன் டிபன் டப்பாவிலிருந்து ஒரு தோசையை எடுத்து அவரிடம் கொடுத்தாள். அவர் அதை மடித்தார். எப்படி மடிக்கிறார் என்று அவள் கடைசிவரை பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் முழங்கையில் கொஞ்சம் நிறம் வந்தது.

மறுநாள் காலைப் பஸ்ஸில் ஊருக்குக் கிளம்பினோம். பஸ் விழுப்புரம் தாண்டியது.

"முட்டை, டம்ளரு, கடிகாரம்" என்றாள் அமுதா. "எல்லாம் நீங்களாச் செஞ்சதா?"

"ஆமா."

"குறிப்பு எறங்கலையா?"

"இல்ல."

"எதுக்குங்க?"

"நீ எழுதுவேன்னுதான்."

அவள் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். எனக்கு உரிய பக்கங்களை விரலால் எண்ணிப் பார்த்தாள். "நாப்பத்தியொரு பக்கம்" என்றாள். "நான் இதுவரைக்கும் யாரப் பத்தியும் இவ்வளவு எழுதினதில்ல. இதுல ஒண்ணுகூட நீங்க இல்ல."

ஜன்னலுக்கு வெளியே கரும்பு லாரி ஒன்று எங்களோடு கொஞ்ச தூரம் வந்து பின்தங்கியது. நான் ஒரு கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டேன். எதைக் கழற்றினேன் என்று அவள் பார்க்கவில்லை.

"கறிவேப்பிலைய நான் மென்னு முழுங்கிருவேன்" என்றேன்.

அவள் அதை நோட்டில் எழுதவில்லை. "சரிங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்த நான்காம் நாள் அதே ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவர் ஒரு தெர்மாகோல் பெட்டியையும் ஒப்புகைச் சீட்டையும் நீட்டினார். சரியான விடைக்கும் போட்டியாளர் சொன்ன விடைக்கும் உள்ள வித்தியாசத்தை அவரவர் வீட்டுக்கு அனுப்பிவிடுவது வழக்கம். "பொருள்: இதயம். எண்ணிக்கை: ஒன்று. நிலை: துடிக்கிறது" என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

அமுதா அதை நீல வாளித் தண்ணீரில் விட்டாள். "உப்பு எவ்வளவுங்க போடணும்?" என்று ஆட்டோவில் வந்தவரிடம் கேட்டாள். லிட்டருக்கு ஏழு ஸ்பூன் என்றார். நான் கடைக்குப் போய்க் கல்லுப்பு இரண்டு பாக்கெட் வாங்கி வந்தேன். அதற்குள் அவள் புது நோட்டுக்கு அட்டை போட்டு, ஸ்டூலை வாளிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

அது நன்றாகத்தான் இருக்கிறது. அவள் பேசினால் வேகமாகத் துடிக்கிறது. நான் பக்கத்தில் போனால் மட்டும் நின்றுவிடுகிறது. அதனால் காபியை இப்போது வாசலிலேயே குடித்துக்கொள்கிறேன்.