பெட்டியில் தொங்கிய பூட்டு

1

"உன் கதையில எல்லாரும் கடைசியில சேர்ந்துடுறாங்க. என் கதையையும் எழுதேன், அக்கா."

"எப்படி முடிக்கட்டும்?"

"அந்தக் காலையில நான் அவர் பூட்டை அவர்கிட்ட கொடுத்துட்டு வரணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

இந்தக் கதை இப்படித்தான் என் தலையில் விழுந்தது. கேட்டவள் என் தங்கை. 'அவர்' அவள் கணவர், லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஓடும் குழிக்குள் இறங்குமுன் மின்சாரத்தை நிறுத்தி, அந்த ஸ்விட்சைத் தன் சொந்தப் பூட்டால் பூட்டி, அதன் ஒரே சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அந்தத் தொழிலின் வழக்கம் அது. முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோதுகூடப் பையில் பூட்டு இருந்தது. "எங்க பொண்ணைப் பூட்டி எடுத்துக்கிட்டுப் போகவா வந்தீங்க?" என்று கேட்டேன். அன்றிலிருந்து அவர் பூட்டு மாப்பிள்ளை.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு சண்டை. தங்கை பெட்டி கட்டினாள். கோபத்தில் அவருடைய பூட்டை எடுத்துப் பெட்டியில் மாட்டினாள். அவர் பூட்டில்லாமல் வேலைக்குப் போய், ஸ்விட்சில் 'ஆள் உள்ளே' என்று ஓர் அட்டையை மட்டும் தொங்கவிட்டார். லிஃப்ட் வரவில்லையே என்ற எரிச்சலில் யாரோ ஸ்விட்சைப் போட்டுவிட்டார்கள்.

2

முதல் தொடக்கம்: அவள் லிஃப்டில் ஏறி, இல்லாத ஒரு மாடியின் பொத்தானை

(நிறுத்திவிட்டேன். அன்றிலிருந்து அவள் லிஃப்டில் கால் வைத்ததில்லை. காலத்தைக் கடப்பதற்காகக்கூட ஏறமாட்டாள்.)

இரண்டாவது: அவள் பழைய வீட்டுக்குப் படியேறினாள். ஒவ்வொரு மாடிக்கும் இரண்டு வருடம் குறைந்தது. முதல் மாடியில் முழங்கால் வலி நின்றது. இரண்டாவதில் நரை கறுத்தது. மூன்றாவதில், மூடிய கதவுக்குப் பின்னால் அவர் இருமினார். ஆறு வருடமாகக் கேட்காத இருமல். உள்ளே மணி ஏழு நாற்பது. எட்டு மணிக்கு அவர் கிளம்பிவிடுவார்.

3

பூட்டைக் கழற்றினாள். அவர் பையில் போட்டாள். பேசாமல் இறங்கினாள். அவர் பிழைத்தார். சுபம்.

இப்படி எழுதிப் போனில் படித்துக் காட்டினேன்.

"ஒண்ணு உன்கிட்ட சொல்லலை, அக்கா. பெட்டியில பூட்டு தொங்குறதை அவர் பார்த்தாரு."

"பார்த்துமா கேக்கலை?"

"கேட்டா, போகாதேன்னு என்கிட்ட கெஞ்சுற மாதிரி ஆயிடும்ல? அவ்வளவு வீம்பு. நான் மட்டும் என்ன, குறைச்சலா? நீ பையில போட்டியே, அதை எடுத்து மேசை மேல வச்சுட்டுத்தான் போவாரு. அவரை எனக்குத் தெரியாதா?"



4

பிரிந்தவர்களைச் சேர்த்துவைப்பதில் நான் தேர்ந்தவள் என்று நினைத்திருந்தேன். இங்கே பேனா நகரவில்லை. ஒரு முடிவில் அவர் பூட்டை எடுத்துக்கொள்கிறார். இன்னொன்றில் மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கி, மதியத்துக்குள் அட்டையைத்

(மாட்டேன்.)

முதல்முறை அவரைக் கொன்றது யாரோ ஒருவருடைய எரிச்சல். மறுமுறை கொன்றால் அது என் கை. அதையும் தங்கை போனில் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அந்தக் காலையை மறுபடி எழுதினேன். மணி ஏழு ஐம்பத்தெட்டு. அவர் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டுகிறார். அவள் வாசலை மறித்து நிற்கிறாள். கையில் பெட்டி, பெட்டியில் பூட்டு.

"இதுக்கு மேல எனக்கு வரலடி," என்றேன் போனில். "அவர் எழுந்துட்டாரு. உன் பக்கத்துல வந்துட்டாரு. என்ன பண்ணப்போறே?"



அவர் நின்றாரா, அவளை விலக்கிக்கொண்டு இறங்கினாரா என்று நான் எழுதப்போவதில்லை. அதை உங்கள் கையில் தருகிறேன், பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தங்கை சொன்னதை மட்டும் அப்படியே எழுதிக்கொண்டேன். அவள் குரல் என்னைத் தாண்டி அந்த வாசலுக்குப் போயிருந்தது.

"என்னங்க... போகாதீங்க. எனக்குப் பயமா இருக்கு. இன்னைக்கு ஒரு நாள் என்கூட வீட்டிலயே இருங்க."