நாற்பத்தாறாம் தொட்டி

வட்டப் பலகையின் விளிம்பில் பன்னிரண்டு வெள்ளைக் கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒருமுறை செடித் தொட்டியைத் திருப்பி, அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்பது பெரியவளின் வேலை. எதிரே கம்பத்தில் இருந்த மூன்று கேமராக்களும் வெறும் படம் எடுப்பவை அல்ல. ஒவ்வொரு இலையும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து, கம்ப்யூட்டருக்குள் அதே செடியை முழு உருவமாக நிறுத்திவிடும். அளக்கும்போது இலை அசையக் கூடாது. அதனால் காலையிலேயே அந்த விதைக் கம்பெனியின் கண்ணாடிக் கொட்டகையில் மின்விசிறிகளை நிறுத்திவிடுவார்கள்.

தொட்டிகளைத் தூக்கிக் கொடுப்பவள் அவள் தங்கை. ஏழு மாதக் கர்ப்பிணி.

"கல்யாணத்துலகூட என்னை இத்தனை பக்கம் திருப்பிப் படம் எடுக்கலக்கா" என்றாள் சின்னவள்.

"வாயை மூடுடி. உன் மூச்சுல இலை ஆடுது."

இன்னும் ஒன்பது நாள் வேலைக்கு வந்துவிட்டால் சின்னவளுக்குச் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு. அதற்குள் உடம்பு முடியவில்லை என்று தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். போன மாதம் விதை பிரிக்கிறவளுக்கு அப்படித்தான் ஆயிற்று. அதனால் பெரியவள் ஒவ்வொரு தொட்டியையும் திருப்பும்போது வாய்க்குள் சாமியைக் கூப்பிட்டுக்கொள்வாள்.

நாற்பத்தாறாவது தொட்டியை இறக்கி வைத்த சின்னவள் பின்னால் போய், கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். உதடு வெளுத்திருந்தது. கை வயிற்றைப் பிடித்திருந்தது.

"என்னடி பண்ணுது?"

"ஒண்ணுமில்லக்கா. கொஞ்சம் காத்து வந்தா சரியாயிடும்."

பெரியவள் சுவர்ப் பக்கம் பார்த்தாள். போய் ஸ்விட்சைப் போட்டாள். விசிறி ஓடியது, சின்னவள் முகத்தில் முடி பறந்தது. கேமரா தன்பாட்டுக்கு எடுத்துக்கொண்டே இருந்ததால், பெரியவள் ஓடிவந்து தொட்டியைத் திருப்பினாள். பன்னிரண்டு கோடும் முடிந்தபின் விசிறியை நிறுத்தினாள்.

மறுநாள் கம்ப்யூட்டர் பார்க்கிறவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். திரையில் நாற்பத்தாறாம் செடி. ஒவ்வொரு இலைக்கும் பக்கத்தில் கிழிந்தாற்போல இன்னொரு இலை. அவர் செடியை மெல்லத் திருப்பினார். பின்னால், சாம்பல் புள்ளிகளால் ஆன ஓர் உருவம் வாளியின் மேல் குனிந்து உட்கார்ந்திருந்தது. வயிற்றைப் பிடித்த கைகூடத் தெரிந்தது.

"இது யாருன்னு நான் கேக்கலம்மா" என்றார் அவர். "மேனேஜர் வர்றார். அவர் கண்ணுல பட்டா அந்தப் பொண்ணோட வேலை போயிடும்." உருவத்தைச் சுற்றி ஒரு கட்டம் போட்டார். உருவம் மறைந்தது. "இலையை ஒண்ணும் பண்ண முடியாதும்மா. அது காத்துல ஆடினது ஆடினதுதான்."

"போதும் சார். நீங்க நல்லா இருக்கணும்."

மேனேஜர் நின்றபடியே திரையைப் பார்த்தார்.

"யார் ஃபேன் போட்டது?"

"நான்தாங்க."

"எதுக்கு?"

பெரியவள் கம்ப்யூட்டர்காரரைப் பார்க்கவில்லை. "எனக்குத்தாங்க, ரொம்பப் புழுக்கமா இருந்துச்சு."

"எங்களுக்கெல்லாம் புழுங்கலையா? உனக்கு மட்டும் என்ன தனி உடம்பா?" என்றார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்பதையும் அதே குரலில் சொன்னார்.

அவள் கையுறைகளைக் கழற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக மேசையில் வைத்தாள். கம்ப்யூட்டர்காரர் தலையைத் தூக்காமல் நாற்பத்தைந்தாம் செடியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். தொட்டியைப் பிடித்த அவளுடைய விரல்கள் திரையில் தெரிந்தன. அவர் ஒவ்வொன்றாக அழித்தார். செடி யாரும் பிடிக்காமல் தானாகச் சுற்றியது.

வெளியே வந்து கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ஸ்விட்சின் மேல் அதற்குள் டேப் ஒட்டியிருந்தார்கள். சின்னவள் தானே தொட்டியைத் தூக்கிவந்து, தானே முதல் கோட்டுக்குத் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகவாயிலிருந்து வேர்வை சொட்டியது. இலை ஒன்றுகூட அசையவில்லை.