ரேலீன் கை தூக்கினாள்

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் டர்ன்லி என்கிற ஊரில் ஒரு கடைவீதி, இரண்டு தேவாலயங்கள், பனித்தரையில் கல்லைச் சறுக்கவிட்டு ஆடும் கர்லிங்குக்கு ஒரு அரங்கு. தேவாலயத்தில் தூங்கி வழிகிறவர்கள்கூட அரங்கில் கண்கொட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஊர்க்காரி ரேலீன் கொஸ்டினியுக் கனடா அணிக்கு ஆடப்போனதும், ஊர் எல்லையில் அவள் படத்தைப் பெரிய பலகையாக நட்டார்கள். பல் மருத்துவமனையில் ஊராரின் பல்காரையைச் சுரண்டி எடுப்பது அவள் பிழைப்பு. பனிக்காலம் வந்தால் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு நார்வே, கொரியா என்று கிளம்பிவிடுவாள்.

அணியில் அவளுக்கு முக்கால்வாசி வேலை தேய்ப்பது. தலைவி கிளென்னா சறுக்கிக்கொண்டே போய்க் கல்லை நளினமாக விடுவாள். கல் வழுக்கிப் போக வழியாக, அதற்கு முன்னால் ரேலீன் துடைப்பத்தால் பனியைத் தேய்த்தபடி மூச்சு வாங்க ஓடுவாள். கேமரா கிளென்னாவின் கண்களைக் காட்டும்.

அந்த வருடம் உலகப் போட்டியின் இறுதி ஆட்டம், ஸ்வீடனுக்கு எதிராக. புள்ளிகள் சமம். மிச்சம் இருந்தது கிளென்னாவின் கடைசிக் கல் ஒன்றுதான். எதிர்முனையில் இலக்கு வட்டத்தின் நடுவில் ஸ்வீடன் கல் உட்கார்ந்திருந்தது. அதை இடித்து வெளியே தள்ளிவிட்டால் தங்கம். கல் பாதி தூரம் வந்திருந்தபோது ரேலீனின் துடைப்பம் அதன் விளிம்பில் பட்டது. பட்டது என்றுகூடச் சொல்லக் கூடாது, உரசியது. கல்லின் போக்கு மாறவில்லை. நடுவர் பார்க்கவில்லை, கேமரா வழக்கம்போல கிளென்னாவிடம் இருந்தது. ஆனால் இந்த ஆட்டத்தில் தொட்டவரே சொல்லிவிட வேண்டும் என்பது மரபு. ரேலீன் கை தூக்கினாள். துடைப்பம் பட்ட கல் செல்லாது என்று அதை ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஸ்வீடன் ஜெயித்தது.

கேமரா முன்னால் கிளென்னா அவளைக் கட்டிப்பிடித்து, இதுதான் எங்கள் ஆட்டத்தின் ஆன்மா என்று கண் கலங்கினாள். உடை மாற்றும் அறையில் கண் காய்ந்துவிட்டது.

"நாலு வருஷம் ஒழைச்சிருக்கோம் ரேலீன். யாருமே பாக்கல."

"நான் பாத்தேன்."

"அத நீயே வெச்சிருந்தா போதாதா?"

ஒரு மாதம் கழித்து, அணி இனி அவள் இல்லாமல் புதிய திசையில் போகப்போவதாகக் கைப்பேசியில் செய்தி வந்தது. கூடவே ஒரு இதயப் படமும்.

டர்ன்லியில் வரவேற்பு தடபுடலாக நடந்தது. அரங்கின் தலைவர் ஆர்லன், நேர்மை நம் மண்ணிலேயே விளைகிறது, கோதுமைக்கு அடுத்தபடி என்று முழங்கினார். எல்லோரும் கை தட்டிவிட்டு, முட்டைக்கோஸ் சுருள் நிரம்பிய தட்டோடு வேறு மேசைகளுக்குப் போய் உட்கார்ந்தார்கள். அடுத்த வாரம் எல்லையிலிருந்த பலகையைக் காணோம். காற்று அடித்துப் போய்விட்டது என்றார் ஆர்லன். நட்டு போல்ட்டையெல்லாம் கழற்றி எடுத்துப்போகிற காற்று அந்தப் பக்கத்தில் புதிது.

பல் சுத்தம் செய்ய வந்த ஓப்பல் என்கிற பெண்மணி, நாற்காலியில் சாய்ந்ததுமே ஆரம்பித்தாள்.

"நீ மட்டும் வாய மூடிட்டு இருந்திருந்தா, இன்னிக்கு நம்ம ஊருக்கு ஒரு தங்கம்."

"சரி ஓப்பல், நீங்க இப்ப வாயத் தொறங்க," என்றாள் ரேலீன். அன்று ஓப்பலுக்கு ஈறு கொஞ்சம் அதிகமாகவே வலித்தது.

குளிர் முடிகிற சமயம் ஊர்ப் போட்டி வந்தது. ஜெயித்தால் பாதிப் பன்றி, வெட்டிப் பொட்டலம் கட்டியது. ஆர்லன் எதிரணி. தேய்த்துக்கொண்டு ஓடியவர் தன் கல்லைக் காலால் இடித்தார். அது ஒரு முழம் திரும்பியது. அவர் கூரையைப் பார்த்தார். ரேலீன் காத்திருந்து பார்த்துவிட்டு, "ஆர்லன், உங்க ஷூ பட்டுச்சு," என்றாள்.

"அட, நாம என்ன மெடலுக்கா ஆடுறோம்? கறிக்குத்தானே," என்றார் அவர்.

அரங்கே சிரித்தது. அவர்தான் ஜெயித்தார். ரேலீன் போய் அவருக்குக் கை கொடுத்தாள். இந்த ஆட்டத்தில் அதுவும் மரபு. காரில் ஏறிய பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. தோற்றதற்கு அழவில்லை. அத்தனை பேரும் சிரித்தபோது, தன் வாயும் கூடச் சேர்ந்து சிரிப்பில் கோணியதை அவளால் தாங்க முடியவில்லை.

உலகப் போட்டியில் அவள் கை தூக்கியதை எதிரில் நின்று பார்த்த ஸ்வீடன் தலைவி கோடையில் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவர்கள் அணிக்குப் பயிற்சியாளர் வேண்டுமாம். ரேலீன் யோசிக்க ஒரு நாள் கேட்டாள். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே சரி என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த உலகப் போட்டியில் ஸ்வீடன் கனடாவை அரையிறுதியிலேயே வீட்டுக்கு அனுப்பியது. டர்ன்லிக்குத் தொலைக்காட்சிக்காரர்கள் வந்தபோது ஆர்லன் தலை சீவி, சட்டை மாற்றிக்கொண்டு நின்றார். நேர்மையிலிருந்து கல் விடுவதுவரை அந்தப் பெண் கற்றதெல்லாம் இந்த அரங்கில்தான் என்றார். அது உண்மைதானா என்று நிருபர் ஸ்வீடனில் இருந்த ரேலீனிடம் தொலைபேசியில் கேட்டார்.

"ஆமா, எல்லாமே அங்கதான் கத்துக்கிட்டேன்," என்றாள் அவள். "அதான் இங்க வந்துட்டேன்."

நிருபர் முதல் வாக்கியத்தை மட்டும் ஒளிபரப்பினார். ஊர் மகிழ்ந்து, அவளுக்குப் புதுப் பலகை செய்யக் கமிட்டி போட்டது.