ருசி மேசை

வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களை மேசைமேல் ஐந்தைந்தாக வரிசையாக வைத்துவிட்டு, வெந்நீர் கொதிக்கட்டும் என்று கலைவாணி காத்திருந்தாள். காப்பி ருசி பார்க்கும் இந்த அறைக்குள் தலையில் பூ கூடாது, முகத்தில் பவுடர் கூடாது, வெற்றிலை போட்ட வாய் கூடவே கூடாது. அதனால்தான் வரதய்யபாளையம் காப்பி கம்பெனியில் இந்தக் கிண்ணங்களைக் கழுவித் துடைக்க மற்றப் பெண்கள் மாட்டோம் என்றார்கள். கலைவாணிக்கு, கொட்டை பொறுக்கும் கூடத்தில் மூன்று வருஷம் நின்று நின்று கால் வீங்கிப்போயிருந்தது. பூ போனால் போகட்டும் என்று வந்துவிட்டாள்.

அரக்கு மலையிலிருந்து மூட்டையில் வரும் கொட்டையைப் பொறுக்கி, வறுத்து, வெள்ளிக்கிழமை தோறும் ருசி பார்ப்பார்கள். தேறிய சரக்கு திருப்பதியில் கண்ணாடிக் கதவு போட்ட கடைகளுக்குப் போகும். அங்கே ஒரு கோப்பை அவளுடைய அரை நாள் கூலி. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் கொட்டையைத் தனித்தனியாக அரைப்பார்கள். ஒரே ஒரு சொத்தை இருந்தாலும் அது விழுந்த கிண்ணம் காட்டிக்கொடுத்துவிடும், மற்ற நாலும் நன்றாகவே இருக்கும். பெங்களூரிலிருந்து வரும் தரணி மேடம் கரண்டியில் மொண்டு சர்ரென்று உறிஞ்சி, வாயில் உருட்டி, குவளையில் துப்புவாள். நகரியில் பிறந்த பெண், பெரிய படிப்பு. வீட்டில் இப்படி உறிஞ்சினால் அம்மா மண்டையில் குட்டியிருப்பாள் என்று கலைவாணிக்கு முதலில் சிரிப்பாக வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, எல்லாம் தேறிவிட்டது என்று தரணி எழுதி முடித்த பிறகு, கழுவுவதற்காகக் கிண்ணங்களை எடுத்த கலைவாணி மூன்றாவதில் நின்றுவிட்டாள்.

"மேடம், இது மட்டும் மக்கின வாசன வருது. மழைல நனைஞ்ச மல்லாட்ட மாதிரி."

தரணி மறுபடியும் மொண்டு உறிஞ்சினாள். பிறகு, எழுதியதை அடித்துவிட்டு, இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டாள். கல்யாணத்துக்கு முன்னே ஆறு வருஷம் கங்காதர நெல்லூரில் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை பொறுக்கினேன் என்றாள் கலைவாணி. அதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை.

ருசி பார்க்க இரண்டு பேர் வேண்டும். இரண்டாமவராக இருந்த ஹரிபாபு சென்னைக்குப் போய்விட்டதால் இடம் காலியாக இருந்தது. தரணி ஒரு ஏற்பாடு செய்தாள். கலைவாணியும், ஏற்கெனவே பழகிய ஸ்டோர் சூப்பர்வைசர் சம்பத்தும் ஆறு வாரம் ஒரே கிண்ணங்களில் ருசி பார்த்துத் தனித்தனியாக மார்க் போட வேண்டும். இரண்டு பேர் மார்க்கும் ஒத்துவந்தால் கலைவாணிக்கு அந்த வேலை நிரந்தரம். வெள்ளைக் கோட்டு, நாற்காலி, கழுத்தில் மாட்டும் கார்டு.

புருஷன் முனிகிருஷ்ணன் நம்பவில்லை. "உக்காந்துக்கினேவா வேல?" என்று இரண்டு தடவை கேட்டான்.

சம்பத்துக்கும் பிச்சாட்டூர் பக்கம் அவள் ஊர்தான். அவன் ஊருக்குள், அவள் காலனியில். களையெடுக்கப் போகும் அவள் அம்மாவுக்கு அவன் வீட்டில் இன்றைக்கும் சொம்பைத் தூக்கிப் பிடித்துக் குவித்த கையில்தான் தண்ணீர் ஊற்றுவார்கள். கம்பெனியில் அவன் 'வாம்மா' என்பான், இவள் 'சார்' என்பாள். ஊர்ப் பேச்சை இரண்டு பேருமே எடுத்ததில்லை.

முதல் வாரம் தரணி கூட இருந்தாள். கரண்டியை வெந்நீரில் அலசிவிட்டு அவள் முதலில் மொண்டாள், அடுத்தது கலைவாணி. கலைவாணியின் கரண்டி கிண்ணத்தை விட்டு வெளியே வந்தது. சம்பத்தின் கரண்டி அதே கிண்ணத்துக்குமேல் வந்து அப்படியே நின்றது. தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறது மேடம், அடுத்த வாரம் பார்க்கிறேன் என்று கீழே வைத்துவிட்டான். சுக்குக் கஷாயம் குடிங்க என்றாள் தரணி.

அடுத்த வாரம் தரணி வரவில்லை. மேசைமேல் வழக்கமான பீங்கான் கிண்ணங்கள் ஐந்து, தொட்டி ஓரமாக எவர்சில்வர் கிண்ணங்கள் ஐந்து. எவர்சில்வரில் ஒவ்வொன்றிலும் நகப்பாலிஷில் ஒரு சிவப்புப் பொட்டு.

"இனிமே தனித்தனிம்மா. சுத்தம் முக்கியம் இல்லியா? அந்த அஞ்சும் உனுக்கு."

"சார், சொத்த உங்க கிண்ணத்துல வுழுந்தா எனுக்கு எப்டி தெரியும்?"

"உனுக்குதான் மூக்கு இருக்குதுன்னு மேடமே சொல்றாங்களே" என்றான் அவன், காகிதத்தைப் பார்த்துக்கொண்டு.

மூன்றாம் வாரம் அவள் துணிந்து தரணிக்கு போன் போட்டாள். கிண்ணங்களைத் தனித்தனியாக வைக்கிறார்கள் என்றதுமே, அதே ஐந்திலிருந்து ஆளுக்குத் தனியாக ஊற்றிக்கொள்வதாக நினைத்துத் தரணி சந்தோஷப்பட்டாள். வெளிநாட்டிலும் இப்போது பல இடத்தில் அப்படித்தானாம், சம்பத் நன்றாக யோசித்திருக்கிறாராம். மிச்சத்தைச் சொல்ல வேண்டுமென்றால் அம்மாவின் குவித்த கையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். போனில் அது எப்படி? "சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டாள்.

அந்த வாரம் சம்பத் தன் இரண்டாவது கிண்ணத்தில் சொத்தை என்று எழுதினான். அவளுடைய ஐந்தும் சுத்தமாக இருந்தன. அடுத்த வாரம் அவளுடையதில் ஒன்று மக்கியிருந்தது, அவனுடையது எல்லாம் நன்றாக இருந்தது. அவள் வாயில் பட்டதை அப்படியே எழுதினாள். ஆறு வாரம் முடிந்ததும் பெங்களூரிலிருந்து தாள் வந்தது. மார்க் ஒத்துவரவில்லை, பயிற்சி நிறுத்தப்படுகிறது. சம்பத் அதைப் படித்துக் காட்டிவிட்டுத் தன்மையாகத்தான் சொன்னான்.

"நாக்கு எல்லாருக்கும் வராதும்மா. கழுவுற வேல இருக்குது, அதுக்கு பயம் இல்ல."

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் பீங்கான் கிண்ணங்களைத் துடைத்து வரிசையாக வைத்தாள், வெந்நீர் ஊற்றினாள், சுவரோரம் தள்ளி நின்றாள். புது ஆள் வரும்வரை சம்பத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். ஐந்தையும் உறிஞ்சித் துப்பிவிட்டு, தேறியது என்று கையெழுத்துப் போட்டான். வெளியே திருப்பதி லாரிக்கு மூட்டை கேட்டு ஆள் கத்திக்கொண்டிருந்தான்.

நாலாவது கிண்ணத்தைத் தூக்கியதுமே அவளுக்கு நனைந்த மல்லாட்டை வாசனை அடித்தது.

"சார்."

"இன்னாம்மா?"

அவன் கையெழுத்தைப் பார்த்தாள். தாள் இன்னும் மேசைமேல்தான் இருந்தது.

"ஒண்ணும் இல்ல சார்."

ஐந்து கிண்ணத்தையும் தொட்டியில் கவிழ்த்து, சோப்பு போட்டு உள்ளேயும் வெளியேயும் தேய்த்தாள். அவன் துப்பிய குவளையைக் கடைசியாக எடுத்து, கொட்டி, விரல் விட்டு அடிவரை வழித்துக் கழுவினாள். அதையும் பீங்கான் கிண்ணங்களோடு சேர்த்து மேல் தட்டில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தாள். சிவப்புப் பொட்டு வைத்த ஐந்தும் தொட்டிக்கு அடியில், தரை துடைக்கும் வாளிக்குப் பக்கத்தில் இருந்தன.