வெட்டிய இடத்தில் ஒரு முகம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். படம் ஓடியபோது நான் தூங்கிவிட்டேன்.

வெளியே மழை, கையில் குடை இல்லை. எதிரே ஒரு சின்னத் திரையரங்கு. ஒதுங்க இடம் கிடைத்தால் போதும் என்று டிக்கெட் எடுத்தேன். படத்தின் பெயர் ‘முதுகு’. ஓர் அறை, ஒரு ஜன்னல், அதைப் பார்த்தபடி நாற்காலியில் ஒரு பெண். நமக்குத் தெரிவது அவள் முதுகும் பின்னந்தலையும் மட்டும். வசனம் கிடையாது, இசை கிடையாது, ஒரு சத்தமும் கிடையாது. ஒன்றேகால் மணி நேரம் ஒரே காட்சி, நடுவில் ஒரு வெட்டுக்கூட இல்லை. வாசலில் ஒட்டியிருந்த சுவரொட்டியில் இயக்குநர் அதைப் பெருமையாகவே போட்டிருந்தார். எனக்குக் கண் சொக்க அதிக நேரம் ஆகவில்லை.

விழித்தபோது விளக்கெல்லாம் போட்டிருந்தார்கள். வெளிக்கூடத்தில் ஒரே களேபரம். பேருந்து ஓட்டுநர் உடுப்பில் இருந்த ஒருவர் கவுன்ட்டரில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

“ஒரு முதுகைக் காட்டி ஏமாத்தறீங்களா? இதுக்குப் பேரு படமா?”

“முதுகு மட்டுமா? அதான் திரும்பினாங்களே!” என்றார் பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள்.

“யாரு திரும்பினா?”

“அந்தப் பொண்ணுதான். நீங்க தூங்கிட்டீங்க போல.”

“தூங்கினது நான் இல்லம்மா, அதோ அவரு” என்று அவர் என்னைக் கை காட்டினார்.

கூட்டம் சரிபாதியாகப் பிரிந்து நின்றது. ஒரு பாதி, அவள் திரும்பவே இல்லை என்று அடித்துச் சொன்னது. மறுபாதி, திரும்பினாள், எங்களைப் பார்த்தாள் என்றது. கோபமெல்லாம் முதல் பாதிக்குத்தான். இரண்டாம் பாதி அவ்வளவாகப் பேசவில்லை. பேசும்போது அடிக்கடி பின்னால் பார்த்துக்கொண்டது.

படிக்கட்டருகே ஒரு பெண் நின்று, போகிறவர்களையெல்லாம் மறித்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். “திரும்பினப்போ முகத்துல என்ன இருந்துச்சு?” என்னிடமும் கேட்டாள். தூங்கிவிட்டேன் என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது. மனசு கேட்காமல் ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். டீ ஆறுவதற்குள் அவள் சொன்னது கொஞ்சம்; மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

(எது எது என்று கேட்காதீர்கள். இப்போது எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.)

2

தொடக்கம், முதல் முயற்சி:

“அந்த வீட்டில் அக்காவும் தங்கையும் மட்டும்தான். அக்கா கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்ததே இல்லை. ஏனென்றால் சின்ன வயதில் ஒருநாள் —”

இங்கே நின்றுவிட்டேன். ஏனென்று சொல்லிவிட்டால் அது அவளுடைய பயம் மட்டுமாகிவிடும். உங்களுக்கும் கொஞ்சம் பங்கு வேண்டுமல்லவா?

இரண்டாம் முயற்சி:

“தங்கை ஒரு எடிட்டர். வாழ்க்கையின் வேண்டாத துண்டுகளை வெட்டியெறிந்து —”

சகிக்கவில்லை. அடித்துவிட்டேன். மூன்றாவதை வைத்துக்கொள்வோம்.

பெரியவளுக்கு மருத்துவமனையில் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதிக்கொடுக்கும் வேலை. நாள் முழுக்க முதுகு வளையாமல் உட்காருவாள். ஆனால் நாற்காலி சுவரை ஒட்டித்தான் இருக்க வேண்டும். கல்யாண மண்டபமோ ஓட்டலோ, எங்கே போனாலும் கதவு எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்துக்கொள்வாள். வேலைக்குச் சேர்ந்த அன்றே மேசையைத் திருப்பிப் போடச் சொன்னவள்.

“உன் முதுகை யாரு தூக்கிட்டுப் போகப்போறா?” என்று சின்னவள் கிண்டல் செய்வாள். பெரியவள் சிரித்துக்கொண்டே நாற்காலியை இன்னும் கொஞ்சம் சுவரோடு ஒட்டிப் போடுவாள். அம்மா அப்பா போன பிறகு சின்னவளை வளர்த்து ஆளாக்கியது அந்தச் சுவரோர நாற்காலிதான்.

சின்னவள் எடிட்டராக வேலை பார்த்த இயக்குநருக்கு ஒரு நேரான முதுகு தேவைப்பட்டது. எத்தனையோ நடிகைகளை உட்காரவைத்துப் பார்த்தார். எல்லா முதுகும் நடித்தது. “எங்க அக்கா நல்லா உட்காருவாங்க சார்” என்று சின்னவள் வாயை விட்டுவிட்டாள்.

3

“கதவு எனக்குப் பின்னால வருமா?”

“ஆமாக்கா. கதவுகிட்டதான் கேமரா. உனக்கு முன்னால ஜன்னல்.”

“கேமராகிட்ட ஆள் இருக்கும்ல?”

இதுதான் சிக்கல். கேமராவை ஓடவிட்டு எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுத் தானும் போய்விடுவது அந்த இயக்குநரின் பழக்கம். ஆள் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் முதுகுகூடப் பொய் சொல்லும் என்பது அவர் கட்சி.

“எல்லாரும் போயிடுவாங்க. நான் மட்டும் அவருக்குத் தெரியாம வந்து கதவோரமா நின்னுக்கறேன். நீ மட்டும் திரும்பிடாதே, அவ்வளவுதான்.”

“கடைசிவரைக்கும் நிப்பியா?”

“பின்னாலதான் இருப்பேன். சத்தியமா.”

நின்றாள். கொஞ்ச நேரம் நிஜமாகவே நின்றாள். அப்புறம் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. வேறொரு படத்தின் ஆள், அவசரம் என்றான். வாய்விட்டுப் பேச முடியாது என்று வராந்தாவுக்கு வந்தாள். அங்கே சரியாகக் கேட்கவில்லை என்று படியிறங்கினாள். பேச்சு வளர்ந்துகொண்டே போனதில் தெருவுக்கே வந்துவிட்டாள். மேலே வந்தபோது கேமரா நின்றுவிட்டிருந்தது. அக்கா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

“பின்னாலதானே இருந்தே?”

“பின்ன? நின்னு நின்னு காலே மரத்துப்போச்சு.”

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள்.

“தெரியும்” என்றாள்.

4

எடிட்டர்களுக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு.* நடிக்கிறவர் தவறிப்போய்க் கேமராவை நேராகப் பார்த்துவிட்டால் அந்தத் துண்டு குப்பைக்குப் போகும். அதற்கு யோசிக்க மாட்டார்கள்.

அசையாமல் உட்கார்ந்திருக்கும் முதுகை யார் ஒன்றேகால் மணி நேரம் பொறுமையாகப் பார்ப்பது? சின்னவள் வேகமாக ஓடவிட்டுப் பார்த்தாள். அவ்வப்போது ஜன்னல் திரைச்சீலை காற்றில் உப்பி, படம் முழுவதையும் ஒரு கணம் வெள்ளையாக மூடிவிட்டுப் போகும். அப்படி ஒரு வெள்ளைக்கும் அடுத்த வெள்ளைக்கும் நடுவே அக்காவின் தலை ஒரு கலங்கலான கோடாகச் சுழன்று கேமரா பக்கம் வந்து போனது. கை தானாக வேலை செய்தது. நடுவில் இருந்ததை வெட்டிவிட்டு, முதல் வெள்ளையையும் இரண்டாம் வெள்ளையையும் சேர்த்து ஒட்டினாள். ஒட்டு தெரியவே இல்லை.

இயக்குநரிடம் சொல்லவில்லை. சொன்னால் அக்காவை மறுபடி உட்காரவைப்பார், பாவம் என்று நினைத்தாள். படம் முடிந்ததும், சின்னக் குழுக்களின் வழக்கப்படி, எடுத்ததையெல்லாம் அழித்துவிட்டு, அது பதிவாகியிருந்த டிஸ்க்கை அடுத்த படத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த முகத்தை அவள் பார்க்கவே இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

[இங்கே ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன்.]

* எழுதுகிறவர்களுக்கும் உண்டு. பாத்திரம் வாசகரை நேராகப் பார்க்கிற மாதிரி ஒரு வரி வந்துவிட்டால் என் கையும் சும்மா இருக்காது.

5

படம் வெளிவருவதற்கு முன்பே அக்கா போய்விட்டாள்.

சண்டையில்லை, ஒரு சொல் இல்லை. சின்னவள் வேலையிலிருந்து திரும்பியபோது வீட்டுச் சாவி மேசையில் இருந்தது. ஒரு பை, கொஞ்சம் துணி காணோம். போன் அணைத்திருந்தது. சொந்தபந்தம் எல்லாரிடமும் கேட்டாயிற்று, போலீஸிலும் சொல்லியாயிற்று. “பெரியவங்கதானே, அவங்களா வருவாங்க” என்றார்கள்.

அழுகையெல்லாம் அடங்கிய பிறகுதான் நாற்காலி கண்ணில் பட்டது. சுவரோரத்தில் இல்லை. அறையின் நடுவில், ஜன்னலைப் பார்த்தபடி, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

6

அக்கா முதுகையாவது பார்க்கலாம் என்றுதான் சின்னவள் முதல் காட்சிக்கு வந்தாள். நான் தூங்கிய அதே காட்சி. கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அவளுக்கு நேர் பின்னால் அரங்கின் கதவு. எல்லோருக்கும் மேலாகத் திரையில் அக்காவின் தலை தெரிந்தது. நரைமுடி ஒன்று பின்னலிலிருந்து விலகிக்கொண்டு நின்றது. வேகமாக ஓடவிட்டுப் பார்த்தபோது அதைக் கவனிக்கவில்லையே என்று முன்னால் சாய்ந்து பார்த்தாள்.

ஒட்டிய இடம் நெருங்கியது. அவளுக்கு மட்டும் தெரிந்த இடம். திரைச்சீலை உப்பியது, திரை வெள்ளையானது.

அரங்கில் பாதித் தலைகள் பின்னால் திரும்பின.

அங்கொன்றும் இங்கொன்றுமாக, அந்த வெள்ளை வெளிச்சம் காதோரம் பட, பாதிப் பேர் திரும்பி அவள் பக்கம் பார்த்தார்கள். மீதிப் பாதி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு திரையையே பார்த்திருந்தது. ஒரு கணம்தான். திரை தெளிந்ததும் திரும்பியவர்கள் மறுபடி முன்னால் பார்த்துக்கொண்டார்கள்.

அதனால்தான் படிக்கட்டில் நின்று அப்படி மறித்தாள். அந்த அம்மாள்தான் விவரமாகச் சொன்னார்.

“சிரிச்சாங்கம்மா. தெரிஞ்சவங்க யாரோ நம்ம பின்னால வந்து நிக்கிற மாதிரி, நிம்மதியா ஒரு சிரிப்பு. தலையை ஆட்டிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. யாரைப் பாத்து சிரிக்கிறாங்கன்னு பாக்கத்தான் நானும் திரும்பினேன்.”

“யாராவது இருந்தாங்களா?”

அம்மாள் கைப்பையை மூடினார். “எனக்கு பஸ் போயிடும்மா” என்று படியிறங்கிவிட்டார்.

மற்றவர்களிடமும் கேட்டாள். திரும்பியதைப் பார்த்த அத்தனை பேரும் அதே சிரிப்பைத்தான் சொன்னார்கள். சின்னவள் அந்த நேரத்தில் தெருவில் போன் பேசிக்கொண்டிருந்தாள். அக்கா திரும்பியபோது கதவோரம் வெறுமையாக இருந்திருந்தால், அவள் ‘தெரியும்’ என்றது தங்கையின் பொய்யைத்தான். அந்தப் பொய்தான் அவளை வீட்டைவிட்டு அனுப்பியிருக்கிறது. வெறுமையாக இல்லையென்றால் அங்கே நின்றது யார்? இரண்டில் எது தேவலை என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனாள்.

7

இதுவரை எழுதியதை என் மனைவியிடம் கொடுத்தேன். அவள் நின்றுகொண்டே படித்தாள்.

“அக்கா திரும்பற இடத்துல எனக்கு அழுகையே வந்துடுச்சுங்க.”

“எங்க திரும்பறா?”

“நாலாவதுல. சிரிச்சிக்கிட்டே ரெண்டு வார்த்தை சொல்றாளே, அதான்.”

நாலாவதில் இப்போது அப்படி ஒன்றும் இல்லை. இருந்தது. யாருக்கும் காட்டும் முன்பே எடுத்துவிட்டேன். நீங்களும்தான் பார்த்தீர்களே, இருந்த இடத்தைக் குறித்துவிட்டுத்தான் போனேன். ஆனால் நான் எழுதிய பத்தியில் அக்கா திரும்பினாளே தவிர, எதுவும் பேசவில்லை.

“என்ன வார்த்தை?”

“எழுதினவருக்குத் தெரியாதா?” என்று சிரித்துவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அதே தாள்களை மெய்ப்புத் திருத்தும் நண்பரிடம் கொடுத்தேன். ஒரு கால்புள்ளி அவர் கண்ணுக்குத் தப்பாது. “கடைசிவரைக்கும் அந்தப் பொம்பளை திரும்பவே இல்லையே சார், படிக்கிறவங்க திட்ட மாட்டாங்களா?” என்று கோபித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து என் மேசையையும், முதுகு சுவர்ப்பக்கம் வரும்படி, திருப்பிப் போட்டிருக்கிறேன். சிரிக்காதீர்கள். வெளிச்சம் நன்றாக வருகிறது.

8

படத்தைத் தூக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் சின்னவள் கடைசிப் பகல் காட்சிக்குப் போனாள். உட்காரவில்லை. கதவோரமாகப் போய் நின்றாள்.

“உள்ள அவ்வளவு சீட்டு காலியா கிடக்கே, உட்காருங்களேன்” என்றார் டிக்கெட் கிழிக்கிறவர்.

“பரவாயில்லைங்க. நிக்கறதா சொல்லியிருக்கேன்.”

போனை அணைத்துப் பையில் போட்டாள். படம் ஓடியது. அக்காவின் நேரான முதுகு, நரைமுடி, ஜன்னல். கால் மரத்துப்போயிற்று. இந்த முறை நிஜமாகவே மரத்துப்போயிற்று. நகரவில்லை.

திரைச்சீலை உப்பியது. பாதித் தலைகள் திரும்பின. திரும்பியவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், பார்த்து நிம்மதியாகச் சிரித்தார்கள். முன்பின் தெரியாத அத்தனை பேரும் அவளுக்குத் தலையாட்டினார்கள். ‘அக்கா, நான் நிக்கறேன், பாரு’ என்று அவளுக்கு நெஞ்சு பொங்கியது.

அப்புறம்தான் கவனித்தாள். அவர்கள் பார்வை அவள் முகத்தில் இல்லை. அவள் தோளுக்குக் கொஞ்சம் மேலே, பின்னால் இருந்தது.

அவளுக்குப் பின்னால் கதவு.

இந்த வெள்ளைக்கும் அடுத்த வெள்ளைக்கும் நடுவில் அவளுக்குக் கிடைப்பது ஒரே ஒரு பார்வை. திரையைப் பார்த்துக்கொண்டே நின்றால் ஒருவேளை அக்காவின் முகம் தெரியலாம். திரும்பினால், அக்கா யாரைப் பார்த்தாள் என்பது தெரியலாம். இரண்டையும் பார்க்க நேரமில்லை.

(அ) திரும்பாமல் நிற்கிறாள். முகம் தெரிகிறது. அதில் சிரிப்பு இல்லை, அது —

(ஆ) திரும்புகிறாள். கையில் பையோடு, பின்னலிலிருந்து விலகிய நரைமுடியோடு —

(இ) திரும்புகிறாள். ஒருவரும் இல்லை. ஆனால் கதவு —

மூன்றையும் எழுதி முடித்தேன். மூன்றிலும் கடைசி வரியில் அவள் என்னைப் பார்த்தாள். என் கையைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே, வெட்டிவிட்டேன்.

ஆகவே முடிவு உங்கள் பொறுப்பு. இந்தப் பக்கங்களில் எங்காவது அக்கா திரும்பியதை நீங்கள் பார்த்திருந்தால், முகத்தில் என்ன இருந்தது என்று சின்னவளிடம் சொல்லிவிடுங்கள். படிக்கட்டுப் பக்கம்தான் நிற்கிறாள். பார்க்கவில்லை என்றால் முதலிலிருந்து இன்னொரு முறை படியுங்கள், மெதுவாக. உங்கள் நாற்காலி எந்தப் பக்கம் பார்த்திருந்தாலும் பரவாயில்லை, பயப்பட வேண்டாம்.

நான் பின்னால்தான் இருப்பேன். சத்தியமாக.