அட்டையில் இருந்தவன்

சோளக்காடு மலைச் சந்தையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் கண்ணில் பட்டது நான் போட்ட அட்டைப்படம். மிளகு வியாபாரி சின்னராசு அந்தப் புத்தகத்தை உயர்த்திப் பிடித்திருந்தான். எதிரே பலாமரத்தில் பலாப்பழம் விற்கும் பொன்னனைக் கைகளைப் பின்னால் வைத்துக் கட்டி, நாலு பேர் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

முந்தின நாள் சின்னராசுவின் அண்ணன் ராசப்பனை யாரோ வெட்டிக் கொன்றுவிட்டார்களாம். யாரென்று தெரியாமல் கொதித்துக் கிடந்த கூட்டத்துக்கு, அடிவாரத்திலிருந்து பஸ்ஸில் வந்த இந்த மர்ம நாவல் போதுமானதாக இருந்தது. அட்டையில் ரத்தம் சொட்டும் கொடுவாளோடு, ஒரு பிணத்தின் மேல் பொன்னன் குனிந்து நின்றான்.

போன ஆனியில் இதே சந்தையில் கொடுவாளால் பலாப்பழம் பிளந்துகொண்டிருந்த பொன்னனை வரைந்துகொண்டு போனேன். முகம் எனக்கு வாகாக இருந்தது. பழத்தை எடுத்துவிட்டுப் பிணத்தைப் போட்டேன். பதிப்பாளர் முதுகில் தட்டினார், நானும் பல்லைக் காட்டினேன். அவனை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

தடி முழங்காலில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. குறுக்கே விழுந்த அவன் மனைவி முனியாயியை முடியைப் பிடித்து இழுத்து எறிந்தார்கள். பஸ்ஸில் ஏறித் தப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், வெட்கத்தோடு சொல்கிறேன்.

"விடுங்கப்பா! அது கதை. படத்த நான்தான் வரைஞ்சேன்!"

சின்னராசு திரும்பினான். "அச்சுல போட்டிருக்குதுங்க. பொய்யையா அச்சடிப்பாங்க?"

பையிலிருந்த பழைய நோட்டைப் பிரித்து, அன்று வரைந்ததைக் காட்டினேன். "பாருங்க, பழந்தான் வெட்டிட்டிருந்தாரு."

"கொடுவாள் இவனுதுதானுங்களே?"

"ஆமா, ஆனா..."

"மூஞ்சி?"

"அவர் மூஞ்சிதான்."

"கேட்டுக்கிட்டீங்களா? நேர்ல பாத்தவரே சொல்றாரு!"

பாவி, நானே சாட்சி சொல்லிவிட்டேன். அடுத்த அடி பொன்னனின் வாயில் விழுந்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தான்.

"சாமி, இன்னொரு படம் போடுங்க. கையில ஒண்ணுமில்லாம போடுங்க. அதையும் அச்சடிங்க."

ஓங்கிய தடியைச் சின்னராசு இறக்கவில்லை. "போடுங்க, பாக்கலாம்."

பென்சிலை எடுத்தேன். முகம் வந்துவிட்டது. கைகளைத் தேடினேன். அவை மரத்துக்குப் பின்னால் இருந்தன.

முனியாயி மண்ணிலிருந்து எழுந்து வந்து, தன் இரண்டு உள்ளங்கைகளையும் நான் பார்த்து வரைய வாகாக என் முன்னால் விரித்துப் பிடித்தாள்.